விஜயதசமியில் தொடங்கிய லத்தீன்

பேனா வாங்கப் போகலாம் என்று என் பக்கத்து மேஜை அக்கா கூப்பிட்டால் எங்கள் அலுவலகத்தில் யாரும் வெறும் வயிற்றோடு கிளம்ப மாட்டோம். பாண்டி பஜார் நடைபாதையில் அவர் பேனா பார்க்க உட்கார்ந்தால், அது முடிவதற்குள் ஒரு முழு சினிமா பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஒவ்வொரு பேனாவாக மூடியைக் கழற்றுவார், கையில் வைத்து எடை பார்ப்பார், கடைக்காரர் கொடுத்த அட்டையில் சுழி போடுவார், கோடு போடுவார், ஒரு தரம் கண்ணை மூடிக்கொண்டும் எழுதிப் பார்ப்பார். கடைசியில் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எல்லாம் நன்னா இருக்கு. இன்னொரு நாள் வரேன்" என்று சொல்லி எழுந்துவிடுவார்.

பேனா, சீப்பு, பூட்டு, கைக்கண்ணாடி என்று ஒரே பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பி வைத்திருந்த அந்தக் கடைக்காரர் பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு அல்லவா?

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துக்கினே கீறே! புட்ச்சிருக்கா இல்லியா, அத்தயாவது சொல்லிட்டுப் போ."

"ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அப்போ எட்துப் பைல போடு."

"அது வேற விஷயம்" என்பார் இவர், மிகவும் அன்பாக.

திரும்பி வரும் வழியில் ஒரு நாள் நானும் கேட்டுவிட்டேன், பிடித்திருந்தால் வாங்குவதற்கு என்ன என்று. "வாங்கிண்டு போனா ஆத்துல எதுக்குன்னு கேப்பா. இருக்கற பேனாவுக்கு என்ன ஆச்சும்பா. சும்மா பார்த்தா யாரு கேக்கப் போறா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கும். குறை சொல்கிறாரா, கதை சொல்கிறாரா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில், தியாகராய நகரில் ஒரு மருந்துக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். நான் சாந்தோம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், இருபதுகளில் இருந்தேன், வேலைக்குப் புதுசு. அவருடைய பி.காம். அண்ணா தேர்ந்தெடுத்தது. வேலை அப்பாவின் நண்பர் பார்த்துக் கொடுத்தது. புடவை மன்னி எடுத்துத் தருவது, டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் அவருக்கே தெரியும். கல்யாணப் பேச்சுகள் சில வந்தனவாம், ஜாதகம் பொருந்தவில்லை என்று நின்றனவாம். அவரைக் கேட்டு வந்ததும் இல்லை, கேட்டு நின்றதும் இல்லை. "எல்லாம் முடிவாகி வந்துடும்டி. நான் கையெழுத்துப் போட்டாப் போறும்" என்பார். எனக்கு அது கொடுத்துவைத்த வாழ்க்கையாகவே தெரிந்தது. எங்கள் வீட்டில் ஒரு கொத்துமல்லிக் கட்டு வாங்குவதற்குக்கூட நான்தான் சண்டை போட வேண்டும்.

இப்படிப்பட்டவர் ஓர் ஆடி மாதத்து மதிய சாப்பாட்டின்போது, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டே, "நான் லத்தீன் படிக்கப் போறேன்" என்றார்.

லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் ஒரு லத்தீன் இலக்கணத்தைப் பார்த்தாராம். வழக்கம்போல வாங்கவில்லை. ஆனால் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

"எதுக்குக்கா லத்தீன்? எங்க சர்ச்சுலயே இப்ப தமிழ்தானே?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். "எங்காத்துல சம்ஸ்கிருதம்னா அண்ணா திருத்துவார். பாட்டுன்னா மன்னி திருத்துவா. இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதினா மன்னியோட தம்பி வந்து திருத்துவான். லத்தீன்ல என்னைத் திருத்த அந்த ஆத்துல ஆள் கிடையாது."

இதைவிட நல்ல காரணம் சொல்லி எவரும் எந்த மொழியும் படித்து நான் பார்த்ததில்லை.

காரணம் கிடைத்துவிட்டது, புத்தகம் கிடைக்க வேண்டுமே! அங்கேதான் அவருடைய ராஜ்ஜியம் தொடங்கியது. பேனாவுக்கே அத்தனை பாடு என்றால் ஒரு மொழிக்கு எவ்வளவு? சனிக்கிழமை மதியங்களில் லஸ் பழைய புத்தகக் கடைகள், எழும்பூர் பெரிய நூலகம், சிந்தாதிரிப்பேட்டையில் யாரோ சொன்ன ஒரு பழைய பேப்பர் கிடங்கு என்று அலைந்தோம். பேப்பர் கிடங்கில் லத்தீன் கிடைக்கவில்லை, எனக்கு ஜலதோஷம் கிடைத்தது. இண்டர்நெட் என்பதைப் பத்திரிகையில் மட்டும் படித்துக்கொண்டிருந்த காலம் அது. புத்தகத்தைத் தேடிக் கால்தான் நடக்க வேண்டும்.

லத்தீன் புத்தகத்துக்கு அவர் வைத்த பரீட்சைகள் வேறு. முதலாவது, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பிரித்துப் படிக்க வருகிறதா என்பது. இதில் பெரிய அகராதிகளும் தடிமனான இலக்கணங்களும் வரிசையாகத் தோற்றன. அடுத்தது, பின்பக்கத்தில் விடை இருக்கிறதா என்பது. "விடை இல்லாத புஸ்தகம் வாத்தியார் லீவு போட்ட கிளாஸ் மாதிரி. நாமளே கேட்டுண்டு, நாமளே சரின்னு சொல்லிக்க வேண்டியதுதான்" என்றார். இன்னொன்றும் உண்டு. முதல் பாடத்திலேயே ஒரு முழு வாக்கியமாவது வர வேண்டும், வெறும் சொற்களை அடுக்கியிருந்தால் கீழே வைத்துவிடுவார்.

எங்கள் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். வயதான மனிதர், செமினாரியில் லத்தீன் படித்தவர். சந்தோஷப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தானே சொல்லித் தருவதாகச் சொன்னார். ஓடிவந்து இவரிடம் சொன்னால் முகம் வாடிவிட்டது.

"அவர் திருத்துவாரே!"

"தப்புன்னா திருத்தத்தானேக்கா வேணும்?"

"புஸ்தகம் திருத்தட்டும். பின்பக்கம் திருப்பினா தப்புன்னு சொல்லும், மூடினா வாயை மூடிக்கும். முன்னாடி உட்கார்ந்து உச்சுக்கொட்டாது."

ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது. கடைசியில் அவரைக் காப்பாற்றியது சரஸ்வதி பூஜை. படிக்கிற புத்தகத்தைப் பூஜையில் வைத்து, மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படிக்கத் தொடங்க வேண்டும். அதற்குள் முடிவு செய்தே ஆக வேண்டும். செய்தாரா? மூன்று புத்தகங்களை வாங்கி மூன்றையும் பூஜையில் வைத்துவிட்டார். அவர் கடையில் எதையாவது வாங்கியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இலக்கணம் ஒன்று, பயிற்சியும் விடையும் உள்ள சின்னப் பாடநூல் ஒன்று, ஒரு ரோமாபுரிக் குடும்பத்தின் கதையைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்லும் வாசிப்புப் புத்தகம் ஒன்று. பூஜைக்கு உட்கார்ந்த அண்ணா பார்த்துவிட்டு, "இதென்னடி அசட்டுத்தனம்?" என்றாராம். சுண்டல் ஆறிவிடும் என்று மன்னி அவசரப்படுத்தியதால் பேச்சு அதோடு போயிற்று.

மூன்றில் அவர் முதலில் எடுத்தது இலக்கணம். அது தப்பு. மயிலாப்பூரில் பிறந்தவர் மட்டுமே அந்தத் தப்பைச் செய்திருக்க முடியும். சின்ன வயதில் அண்ணா சம்ஸ்கிருத வேற்றுமைகளை ராகம் போட்டு ஒப்பிப்பதைக் கேட்டே வளர்ந்தவர் அல்லவா? ஒரு மொழி என்றால் முதலில் பட்டியல் முழுவதையும் நெட்டுருப் போட வேண்டும், அர்த்தம் பிறகு தானாக வந்து சேரும் என்று முடிவே கட்டிவிட்டார். மேஜை என்பதற்கு லத்தீனில் 'மென்ஸா'. "மென்ஸா, மென்ஸா, மென்ஸம்" என்று பில் கட்டுகளைத் தைத்துக்கொண்டே ஒப்பிப்பார். ராகம் அச்சு அசலாக வேத பாடசாலை. எங்கள் மேனேஜர் இரண்டு தரம் பக்தியோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மறுநாள் வரும் பிரதமை திதியில் படித்தால் தலையில் நிற்காது என்று அன்றைக்கு மட்டும் லத்தீனுக்கு விடுமுறை. ரோமாபுரிக்காரர்கள் பிரதமையன்று பேசாமலா இருந்தார்கள் என்று கேட்டேன். "அதனாலதான் அந்த பாஷை போயிடுத்தோ என்னமோ" என்றார்.

தை பிறந்தபோது இலக்கணம் முழுவதும் அவர் நாக்கில் இருந்தது. வெற்றிக் களிப்போடு அந்த ரோமாபுரிக் குடும்பத்துக் கதையைத் திறந்தார். முதல் வாக்கியம் புரியவில்லை. இரண்டாவதும் புரியவில்லை. ஒரு சொல்லைப் பார்த்தால், பட்டியலை முதலிலிருந்து ஓட்டி, அந்தச் சொல் வரும் இடத்தில் நிறுத்தினால்தான் அது என்ன வேற்றுமை என்று தெரியும். அதற்குள் முந்தைய சொல் மறந்துவிடும். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஒரே ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு அடையாறு பாலத்தைத் தாண்டிப் போய் இறங்கினாராம்.

"எல்லாம் தெரியறதுடி. ஒண்ணும் புரியலை" என்றார் மறுநாள். அன்றைக்குக் கடைசியில் சிரிப்பு வரவில்லை. எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்கக்கா" என்றேன்.

எங்கள் அம்மா சின்ன வயதில் கோயில் பாடற்குழுவில் லத்தீனில் பாடியவர். பூசை தமிழுக்கு மாறி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டாலும் அம்மாவின் வாயில் அவை அப்படியே இருந்தன. மீன் கழுவும்போது பாடுவார். அன்று விருந்தாளி வருவதால் மீன் இல்லை, பாட்டு மட்டும் இருந்தது. இவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும், "அம்மா, இதுல ஆட்டுக்குட்டின்னு ஒரு வார்த்தை வந்ததே!" என்று துள்ளினார்.

"ஆட்டுக்குட்டியா? எதும்மா?"

இவர் சொல்லைச் சொன்னார். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். "பூசை தமிழ்ல வந்தப்புறம் செம்மறின்னு சொல்றோம். அதுவும் இதுவும் ஒண்ணுன்னு இத்தினி நாளா தோணலையேம்மா எனக்கு!"

"அர்த்தம் தெரியாம எப்படிம்மா கத்துண்டேள்?"

"எங்க கத்துக்கிட்டேன்? பக்கத்துல நின்னவ பாடினா, நானும் வாயைத் தொறந்தேன். தப்பாப் பாடினாக்கூட ஆர்மோனியச் சத்தத்துல யாருக்குத் தெரியும்?"

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றோடு அவருடைய முறை மாறியது. இலக்கணம் அலமாரிக்குப் போயிற்று, சந்தேகம் வந்தால் மட்டும் கீழே இறங்கும். தினமும் பாடநூலில் ஒரு சின்னப் பகுதி, அதன் விடை, பிறகு அந்த ரோமாபுரிக் குடும்பத்தின் கதையில் ஒரு பக்கம், அதுவும் வாய்விட்டு. உச்சரிப்பில் ரோமாபுரி வழி, சர்ச் வழி என்று இரண்டு இருந்ததில் மறுபடியும் ஒரு பேனாக்கடை ஆரம்பிக்கும் என்று பயந்தேன். ஆச்சரியம், உடனே முடிவு செய்தார். "ரோமாபுரி ராஜாவோடயா பேசப் போறேன்? சாந்தோம்ல உங்கம்மாவோடதானே பேசப் போறேன்? சர்ச் வழியே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எங்கள் மதியச் சாப்பாடு கலகலப்பாகிவிட்டது. பாடநூலில் ஒரு ராணி எப்போதும் யாருக்காவது ரோஜாப்பூ கொடுத்துக்கொண்டே இருப்பாள், ஒரு விவசாயி காளையைத் தேடிக்கொண்டே இருப்பார், ஒரு மாலுமி வேலைவெட்டி இல்லாமல் கரையில் நிற்பான். அன்றன்று அவர்கள் என்ன ஆனார்கள் என்று சீரியல் கதை கேட்பதுபோலக் கேட்போம். அப்படி ஒரு பாடத்தில்தான் அவருக்கு 'நோலோ' கிடைத்தது. 'எனக்கு விருப்பமில்லை' என்பதற்கு லத்தீனில் அந்த ஒரே சொல் போதுமாம்.

அவருக்கு அதன் மேல் வந்த ஆசையைச் சொல்லி முடியாது. ஊறுகாயை நீட்டினால், "நோலோ". மின்விசிறியைக் கூட்டவா என்றால், "நோலோ". இரண்டாவது காப்பிக்கு மட்டும் நோலோ கிடையாது. தமிழில் அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலுவலகத்தில் எவர் வேலையை எவர் தலையில் கட்டினாலும் அது கடைசியில் அவர் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

அடுத்த வருடம் பங்குனி வாக்கில் அண்ணாவுக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது. மன்னிக்கும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. இருவரும் வேலைக்குப் போனால் வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். ஆகவே இவர் வேலையை ராஜிநாமா செய்துவிட்டுக் கூடவே வருவது என்று முடிவாகிவிட்டது. இதையும் மதியச் சாப்பாட்டின்போதுதான் சொன்னார்.

"உங்களைக் கேட்டாங்களா?"

"சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிக்கணும்னேன். எல்லாரும் சிரிச்சா. பேனா வாங்கவே ஒரு வருஷம் யோசிக்கறவளாச்சேன்னா." டிபன் பாக்ஸை மூடினார். "டெல்லிக்குச் சாமான் ஜாஸ்தியாம். புஸ்தகத்தையெல்லாம் பேப்பர்காரனுக்குப் போட்டுடச் சொல்லிட்டா."

அந்த வாரம் முழுவதும் ராணி யாருக்கும் ரோஜா கொடுக்கவில்லை. எனக்குக் கோபமான கோபம் வந்தது. ஆனால் அவர்கள் வீட்டு விஷயத்தில் நான் யார்?

ராஜிநாமா கொடுக்கும் முறையைக் கேட்டுப் போக அண்ணாவே ஒரு மதியம் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கெல்லாம் ஒரு பொட்டலம் தேன்குழல் வாங்கிவந்திருந்தார். மேனேஜர் வெளியே போயிருந்ததால் எங்கள் மேஜைப் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, டெல்லி வீட்டில் இவருக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையைப் பற்றி எனக்கே பெருமையாகச் சொன்னார். பிறகு தங்கையிடம் திரும்பினார்.

"மேனேஜர் வரட்டும். அதுக்குள்ள நீ லெட்டரை டைப் பண்ணிடு. நான் பார்த்துத் திருத்தித் தரேன்."

இவர் டைப்ரைட்டரில் காகிதத்தை மாட்டினார். மாட்டியவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

"நோலோ."

"என்னடி முணுமுணுக்கறே? ஸ்லோகமா?"

"வரலைண்ணா" என்றார். பிறகு, அண்ணாவுக்குக் காது கேட்கவில்லையோ என்பதுபோல இன்னும் கொஞ்சம் உரக்க, "நான் டெல்லிக்கு வர மாட்டேன்" என்றார்.

அண்ணா எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அவசரப்படாதே. நிதானமா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

"தனியா எப்படிடி இருப்பே? ஒரு கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. கத்துண்டுடுவேன்."

எழுத்து ஒன்றும் விழாத அந்தக் காகிதத்தை டைப்ரைட்டரிலிருந்து உருவி எடுத்தார். அதை நாலாக மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யாமல் ஒரு தேன்குழலை எடுத்துக் கடித்தேன். அந்த அமைதியில் அது போட்ட சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

வீட்டில் பேசாமல் இருந்தார்களாம், மன்னி அழுதாராம், சொந்தக்காரர்கள் போன் செய்தார்களாம். அவர் எல்லோருக்கும் அதே பதிலைத் தமிழில் சொன்னார். கடைசியில் அண்ணாவே ஸ்டேஷனில் நின்று, சிலிண்டரில் வாஷரைப் பார்த்து வாங்கச் சொல்லிவிட்டு ரயில் ஏறினார். அதைச் சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாந்தோமில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடிப் பகுதியை அவர் வாடகைக்குப் பிடித்தார். ஓர் அறை, ஒரு சின்னச் சமையலறை. ஜன்னலோரம் நின்று புத்தகத்தைப் பிரித்து, ஒரு பக்கம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார். பூட்டு மட்டும் நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார் வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலமே பாண்டி பஜாருக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் அந்தக் கடைக்காரர் பேனாக்களை முன்னால் நகர்த்தி வைத்தார். இவர் தலையை ஆட்டிவிட்டுப் பூட்டு வரிசையின் முன்னால் உட்கார்ந்தார். நான் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு பூட்டையும் பூட்டித் திறந்து பார்த்தார். காதோரம் வைத்துச் சாவியைத் திருப்பினார். இழுத்துப் பார்த்தார், தொங்கவிட்டுப் பார்த்தார். சுண்டல் தீர்ந்தது, கடை விளக்குகள் எரியத் தொடங்கின, அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடுக்கி வைத்தார். பர்ஸைத் திறந்து பணத்தை நீட்டினார்.

கடைக்காரர் வாங்கிக்கொள்ளவே இல்லை. "இன்னாக்கா இது?"

"பூட்டுக்குத்தான். எடுத்துக்கோங்கோ."

"நெசமாவே வாங்கிக்கினியா?" என்றவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எனக்குக் குறும்பு போகவில்லை. "எதுக்கு வாங்கினேன்னு ஆத்துல கேப்பாளேக்கா?" என்று அவர் குரலிலேயே கேட்டேன்.

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஆத்துல யாருடி இருக்கா? நான்தான் இருக்கேன்" என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் அவர் அதைத் தனக்கே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டதுபோல இருந்தது.

பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். "அந்தப் பேனாவெல்லாம் இப்படித் தள்ளுங்கோ. முதல்லேர்ந்து பார்க்கறேன்."

நான் இன்னொரு பொட்டலம் சுண்டல் வாங்கப் போனேன்.